'டீப்பாய்' எந்நாட்டுச் சொல்?

கூடத்தில் நாற்காலிகளின் நடுவே குட்டைக் கால்களோடு ஒரு பலகை நிற்கும். செய்தித்தாளும் தேநீர்க் குவளையும் அதன்மேல் இருக்கும். அதனை 'டீப்பாய்' என்று வழங்காத நகரத்து வீடு அரிது. தேநீர் வைப்பதால் 'டீ' வந்தது என்பர். எஞ்சிய 'பாய்' யாது? கோரைப்பாயா, தேநீர் கொணரும் பையனா?

இரண்டுமன்று. அச்சொல்லில் தேநீர் ஒரு துளியும் இல்லை. இந்துத்தானியில் 'தீன்' என்பது மூன்று. பாரசீகத்தில் 'பாய்' என்பது கால். இரண்டும் கூடித் 'திபாயி' ஆயிற்று. மூன்று கால் உடையது என்பதே பொருள். நாற்காற் கட்டிலைச் 'சார்பாயி' என்றதும் இம்முறையே. ஆங்கிலர் அதனைத் தம் நாவுக்கேற்பத் திரித்துத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அங்கே ஒலியொப்புமையால் 'டீ' உள்ளே புகுந்தது. அதனோடும் நிற்கவில்லை, கால்மேல் நிறுத்திய தேயிலைப் பேழைக்கே இலண்டன் கடைகளில் அப்பெயர் ஏறிற்று. சொல்லைப் பிழையாக உணர்ந்தவர்கள் பொருளையே மாற்றிவிட்டார்கள்!

இப்பிழையை வெளிப்படுத்தியவரும் ஆங்கிலரே. யூலும், தஞ்சையில் நடுவராய் இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன்-சாப்சன்' அகரமுதலி, தேநீர்த் தொடர்பை முற்றும் மறுக்கிறது. 'சார்பாயி'யைப் பார்த்து ஐரோப்பியர் எவரோ 'திபாயி'யைப் புனைந்திருக்கக் கூடும் என்றும், முறையான பாரசீகச் சொல்லாகிய 'சிபாயி' சிப்பாயோடு மயங்குமென்று அதனை ஒதுக்கியிருக்கலாம் என்றும் அந்நூல் கருதுகிறது.

இந்துத்தானியும் பாரசீகமும் கூடிச் சொன்னதைத் தமிழ் 'முக்காலி' என்று தன் சொல்லாலேயே சொல்லும். அது நாட்டுப்புறச் சொல்லாம். 'டீப்பாய்' நாகரிகச் சொல்லாம்! டகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பதும் எவர்க்கும் உறுத்தவில்லை. 1965இல் இந்தியை எதிர்த்துத் தெருவில் நின்றவர் வீட்டுக் கூடத்திலும் இந்துத்தானிச் சொல் ஆங்கில உடையில் நடுவிடம் பெற்றிருக்கிறது.

இன்றைய பலகைக்குப் பெரும்பாலும் நான்கு கால். முக்காலி என்பது எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். வினா முறையானதே. முக்காலி இருக்கையையும் குறிக்கும். நாற்காலியோ முற்றிலும் இருக்கைக்குரியதாகிவிட்டது. 'மேசை' போர்த்துக்கீசியர் தந்தது. மூன்று காலுள்ளதை முக்காலி என்றும், ஏனையவற்றைக் 'குறும்பலகை' என்றும் வழங்கலாம். தச்சரிடம் அடுத்த முறை அப்பெயர் சொல்லியே கேட்கலாம். உயரத்தைக் கையால் காட்டினால் அவர் உடனே உணர்ந்துகொள்வார்.