ரெயில் வராத சுரங்கம்!

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், ஒரு பெரிய வீதிக்கு அடியில் ஒரு சுரங்கம் இருக்கிறது. நீளம் அரை மைல். தோண்டி 50 ஆண்டு ஆகிவிட்டது. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு ரெயில் கூட அதில் ஓடியது இல்லை!

மேலே மக்கள் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள். கீழே சுரங்கம் தூங்குகிறது.

இந்த விந்தை எப்படி நேர்ந்தது?

இருந்ததும் போயிற்று

அந்த வீதியின் பெயர் 2-வது அவென்யூ. மன்ஹாட்டன் தீவின் கிழக்குப் பக்கத்தில், தெற்கு வடக்காகப் போகிறது. அதைக் குறுக்கே வெட்டும் தெருக்களில் பெரும்பாலானவற்றுக்கு எண்தான் பெயர். வடக்கே போகப் போக எண் கூடும்.

முன்பு 2-வது அவென்யூவிலும், பக்கத்தில் உள்ள 3-வது அவென்யூவிலும் தூண்களின் மேல் ரெயில் ஓடியது. ஒரே இரைச்சல். கீழே வெளிச்சம் இல்லை. எனவே, பூமிக்கு அடியில் ரெயில் விட 1929-ம் ஆண்டில் திட்டம் போட்டார்கள். அதே ஆண்டில் பங்கு மார்க்கெட் சரிந்தது. நாட்டையே வறுமை பிடித்தது. திட்டம் மூலையில் கிடந்தது.

ஆனால் மேலே ஓடிய ரெயிலை மட்டும் விட்டு வைக்கவில்லை! 2-வது அவென்யூ ரெயில் 1942-ல் நின்றது. மன்ஹாட்டனில் 3-வது அவென்யூ ரெயில் 1955-ல் நின்றது. கிழக்குப் பக்கத்துக்கு மிஞ்சியது லெக்சிங்டன் அவென்யூ சுரங்க ரெயில் ஒன்றுதான். பிற்காலத்தில் அந்த ஒரே பாதையில் நாள்தோறும் 13 லட்சம் பேர் இடிபட்டுக்கொண்டு போனார்கள்.

புது வீட்டுக்குக் கடைக்கால் போடும் முன்பே பழைய வீட்டை இடித்த கதைதான் இது!

பணம் எங்கே?

அங்கே பெரிய வேலைக்குக் கடன் வாங்குவது என்றால், "வாங்கலாமா?" என்று மக்களிடம் ஓட்டுக் கேட்பார்கள்.

1951-ல் கேட்டார்கள். 50 கோடி டாலர் வாங்க மக்கள் சம்மதித்தார்கள். 2-வது அவென்யூ ரெயிலுக்கு என்று நம்பித்தான் ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பணம் பழைய பாதைகளைப் பழுது பார்ப்பதில் கரைந்து போனது.

1967-ல் மறுபடியும் கேட்டார்கள். இந்த ரெயிலும் மற்ற வேலைகளும் சேர்த்து 250 கோடி டாலர். மக்கள் மறுபடியும் "சரி" என்றார்கள். 1972-ல் 103-வது தெருவில் விழா நடந்தது. கவர்னர் ராக்பெல்லரும் மேயர் லிண்ட்சேயும் வந்தார்கள். மண்ணைக் கொத்தி வேலையைத் தொடங்கி வைத்தார்கள். 1975-ல் நகரசபையின் கஜானா காலி. வேலை நின்றது. நாம் முதலில் சொன்ன சுரங்கம், 110-வது தெருவில் இருந்து 120-வது தெரு வரை, அப்போது தோண்டியதுதான்.

விடாமல் கேட்டார்கள்

மக்கள் சும்மா இருந்து விடவில்லை. நியூயார்க்கில் 59 வட்டார சபைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை இருப்பார்கள். சம்பளம் கிடையாது. உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. யோசனை சொல்லலாம், கூட்டம் போட்டுக் கேட்கலாம். அதை அவர்கள் விடாமல் செய்தார்கள்.

2000-ம் ஆண்டு வந்த கடன் திட்டம் ஓட்டெடுப்பில் தோற்றது. 2005-ல் மறுபடியும் ஒன்று வந்தது, வென்றது. 2007-ல் மண்வெட்டி மீண்டும் இறங்கியது. 2017 ஜனவரி 1-ந் தேதி நண்பகலில் ரெயில் ஓடியது. 72, 86, 96-வது தெருக்களில் மூன்று புது நிலையங்கள்! செலவு சுமார் 445 கோடி டாலர். திட்டம் போட்டு 87 ஆண்டு ஆகியிருந்தது!

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. பத்தாண்டு காலம் கடைகளுக்கு எதிரே தடுப்பு, தூசி, வெடிச் சத்தம். வாடிக்கையாளர் வராமல் கடையை மூடியவர்கள் இருக்கிறார்கள். ஊர் நன்மைக்காகத் தெருவைத் தோண்டும்போது, அந்தத் தெருவில் பிழைப்பவனுக்கு நஷ்டஈடு கொடுப்பதும் திட்டச் செலவில் சேர வேண்டும்.

பாதி வழியில் நிற்கலாமா?

ரெயில் 96-வது தெருவோடு நின்றது. அதற்கு அப்பால் இருப்பது கிழக்கு ஹார்லெம். ஏழைகளும், போர்ட்டோரிக்கோவில் இருந்து வந்தவர்களும், கறுப்பின மக்களும் நிறைய வாழும் பகுதி. ரெயில் மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். வசதி படைத்தவர்களின் வட்டாரத்தில் முதலில் ரெயில் ஓடியது. ஏழைகளின் காலடியில் வெறும் சுரங்கம்!

இனி 106, 116, 125-வது தெருக்களில் நிலையம் கட்டத் திட்டம் இருக்கிறது. பழைய சுரங்கத்தையும் பயன்படுத்தப் போகிறார்கள். 2023-ல் மத்திய அரசு 340 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2025-ல் சுரங்கம் தோண்ட காண்டிராக்டும் கொடுத்தார்கள்.

நல்லதுதான். ஆனால் காகிதத்தில் இருக்கும் பணம் 1951-லும் இருந்தது. மண்வெட்டி விழா 1972-லும் நடந்தது. அவற்றை நம்பி மக்கள் வீட்டுக்குப் போய் விட்டார்கள். ரெயில் வரவில்லை.

ஓட்டுப் போட்டதோடு வேலை தீர்ந்து விடவில்லை. கொடுத்த பணம் எங்கே போகிறது என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டும். வட்டாரக் கூட்டத்துக்குப் போக வேண்டும். 125-வது தெருவில் முதல் பயணி ரெயில் ஏறும் வரை அந்தக் குரல் ஓயக்கூடாது!