நடராஜருக்கு எதுக்குய்யா ஃபிசிக்ஸ் சர்ட்டிஃபிகேட்?

மார்கழித் திருவாதிரை வந்தா போதும், அந்த ஃபார்வர்ட் தவறாம வந்துடும். பூமியோட காந்தப்புல மையமே தில்லை நடராஜர் கால் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருக்காம். வெள்ளைக்காரனே ஆராய்ச்சி பண்ணி அசந்து போயிட்டானாம். கூடவே ஜெனீவா செர்ன் ஆய்வுக்கூடத்துல நிக்கிற நடராஜர் படம் ஒண்ணு.

மக்களே, காந்த நடுக்கோடுன்னு ஒண்ணு உண்டு. பூமியைச் சுத்தி ஓடுற கோடு அது. கோட்டுக்கு ஏதுங்க மையப்புள்ளி? நம்ம பக்கம் அது தென்கோடி வழியா போகுது. அதனாலதான் 1963-ல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் வச்சாங்க. தவிர, அந்தக் கோடு வருஷா வருஷம் கொஞ்சம் நகரவும் செய்யும். அப்போ நடராஜர் கட்டைவிரலைத் தூக்கிக்கிட்டு அது பின்னாடியே ஓடணுமா? :-)

செர்ன் சிலை மட்டும் நிஜம். 2 மீட்டர் உயரம், 2004 ஜூன் 18-ல் திறந்தாங்க. ஆனா அது இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. நாம கொடுத்தோம், அவங்க வச்சாங்க. 'அவனே ஒத்துக்கிட்டான்'னு குதிக்க இதுல என்ன இருக்கு?

எனக்குக் கடுப்பே இனிமேல்தான். அந்தச் சிலைக்குக் கீழே இருக்கிற பலகையில் ஃபிரிட்ஜாஃப் காப்ராவின் வரிகள் இருக்கு. 1975-ல் 'இயற்பியலின் தாவோ' எழுதினவர். அவருக்கு நடராஜரை விளக்கினது ஆனந்த குமாரசாமியின் எழுத்து. கொழும்பில் பிறந்த குமாரசாமி, 1918-ல் வந்த 'சிவ நடனம்' நூலில் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுறார்? நம்ம மனவாசகம் கடந்தாரை! மெய்கண்டாரின் சீடர், 13-ஆம் நூற்றாண்டுக்காரர், 'உண்மை விளக்கம்' எழுதினவர். ஜெனீவா பலகை நமக்கு மனப்பாடம். அதுக்கு மூலமான தமிழ் நூலோ பலருக்குப் பேர்கூடத் தெரியாது.

அந்தப் புத்தகத்துல சீடன் கேட்கிறான், குரு சொல்றார். அவ்வளவுதான். உடுக்கை படைத்தல். அஞ்சேல்னு காட்டுற கை காத்தல். நெருப்பு அழித்தல். ஊன்றின கால் மறைத்தல். தூக்கின கால் அருளல். ஆக ஐந்தொழில். காலடியில் கிடக்கிற முயலகன் ஏதோ ஒரு அரக்கன் இல்லை, நம்ம ஆணவம்தான்னு சைவர்கள் சொல்வாங்க.

இப்ப சிலையை இன்னொரு தடவை பாருங்க. ஒரு கை பயப்படாதேங்குது. குறுக்கே வர்ற இடது கை தூக்கின காலைக் காட்டுது. 'பயமா இருக்கா? இங்கே பிடிச்சுக்கோ'ன்னு அர்த்தம். ஆஸ்பத்திரி வராண்டாவில் ராத்திரி முழுக்க உக்காந்திருக்கிறவனுக்கு இது ஆறுதல். எலக்ட்ரான் நடனம் அவனுக்கு என்னத்தைச் சொல்லிடும்?

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுறார். ஏன்? ஆடிப் பழகின ராஜசேகர பாண்டியனுக்கு உடம்பெல்லாம் வலி. நமக்கே இப்படின்னா ஒத்தைக் கால்லயே நிக்கிற சாமிக்கு எவ்வளவு வலிக்கும்னு உருகி, கால் மாத்தி ஆடச் சொல்லிக் கேட்டானாம். திருவிளையாடல் கதை. அணுவுக்குக் கால் வலிக்கும்னு யாராவது அழுவானா? இந்த உருவம் பிறந்தது அன்பிலே, ஆய்வுக்கூடத்துல இல்லை.

அறிவியல் தப்புன்னு தெரிஞ்சா தன்னை மாத்திக்கும். அதுதான் அதோட பெருமை. அதை முட்டுக்கட்டையா வச்சு சாமியை நிறுத்தினா, நாளைக்கு அது நகரும்போது யார் கீழே விழுவாங்க?

சாமி கும்பிடாதவங்களும் இதை எதிர்க்கணும், கும்பிடுறவங்க இன்னும் அதிகமா எதிர்க்கணும். அடுத்த தடவை உங்க வீட்டுக் குழந்தை 'ஏன் காலைத் தூக்கியிருக்கார்?'னு கேட்டா, ஜெனீவாவுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. உண்மை விளக்கத்தைப் பிரிங்க.

மாற்றுக்கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்தில் வந்து கும்மலாம். காந்தப்புல லிங்க் மட்டும் வேணாம் சாமிகளா!