ஒரு புள்ளி விடுபட்டதால் முடங்கிய சுவீடன் இணையத்தளங்கள்: நடந்தது என்ன?

இணையத்தள முகவரியைத் தட்டுறீங்க, பக்கம் உடனே வந்துடுது. அந்தப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் கட்டமைப்பு. பெயர்ப் பதிவுகள் பல இடங்களில் இன்றும் சாதாரண எழுத்துக் கோப்பில்தான் இருக்கின்றன.

சுவீடனில் என்ன ஆச்சு?

2009 அக்டோபர் 12. வழக்கமான பராமரிப்புப் பணி. கோப்பை உருவாக்கும் நிரலில் தவறு. பெயர்களின் முடிவில் வரவேண்டிய புள்ளி விடுபட்டது.

புள்ளி இல்லையென்றால் 'எஸ்இ' என்ற பின்னொட்டு இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும். பெயரே மாறிவிடும். விளைவு: 900,000க்கும் அதிகமான முகவரிகளுக்குப் பாதிப்பு.

சுமார் ஒரு மணி நேரத்தில் கோப்பு திருத்தப்பட்டது. ஆனால் தவறான பதிலைச் சேமித்துவைத்த சர்வர்களால் பாதிப்பு நீடித்தது.

உங்களுக்குச் சொந்த இணையத்தளம் இருக்கா?

- பழைய கோப்பின் பிரதியை வைத்திருங்கள்
- வெளியிடும் முன் சோதித்துப் பாருங்கள்

கோப்பைத் திருத்தச் சில விநாடி போதும். தவறு உலகெங்கும் மறையத்தான் நேரமெடுக்கும்.