வண்டிக்கும் வேணும் மரண சர்டிபிகேட்!

மனுஷன் பிறந்தால் ஒரு சர்டிபிகேட், போய்ச் சேர்ந்தால் ஒரு சர்டிபிகேட். வண்டி மட்டும் என்ன இளப்பமா? அதற்கு ஆர்.சி.தான் ஜாதகம். சரி, மரண சர்டிபிகேட்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. காயலான் கடைக்காரர் தருகிற நோட்டை எண்ணி வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யைப் பீரோவில் பூட்டிவிடுகிறோம்.

பி.காம். படித்ததில் எனக்கு இன்னும் ஞாபகம் இருப்பது தேய்மானக் கணக்கு ஒன்றுதான். வருஷா வருஷம் கழித்துக்கொண்டே வந்தால் ஒருநாள் வண்டியின் மதிப்பு ஒன்றுமில்லாமல் போகும். நம் கணக்கில் அது செத்தாச்சு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கணக்கில்? அங்கே உங்கள் பேரில் ஜம்மென்று வாழ்ந்துகொண்டிருக்கும்!

"ஓடாத ஸ்கூட்டருக்கு எதுக்குப்பா ஆர்.டி.ஓ.?" என்றார் எதிர்வீட்டு மாமா.

"ஸ்கூட்டர் ஓடாது மாமா, அதோட நம்பர் ஓடும்!" என்றேன்.

நம்பர் பிளேட்டும், சேஸிஸ் நம்பர் பொறித்த துண்டும் தப்பான கைக்குப் போனால், ஏதோ ஒரு திருட்டு வண்டி அந்தப் பேரில் மறுபிறவி எடுக்கும். அது யாரையாவது இடித்துவிட்டுப் பறந்தால், போலீஸ் கதவைத் தட்டுவது மாமா வீட்டில்! இனி ஓடவே ஓடாது என்றாகிவிட்ட வண்டியைப் பற்றி 14 நாளைக்குள் தகவல் சொல்லி ஆர்.சி.யை ஒப்படைக்கணும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

2021 செப்டம்பரில் உடைக்கிறவர்களுக்கும் மத்திய அரசு விதி போட்டுவிட்டது. லைசென்ஸ் வேண்டுமா? கட்டணம் ஒரு லட்சம். பத்து லட்சத்துக்கு பாங்க் காரண்டி. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, கண்காணிப்பு காமிரா எல்லாம் உண்டு. வந்த வண்டி திருட்டு வண்டியா என்று போலீஸ் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கணும். சேஸிஸ் நம்பர் துண்டை வெட்டி எடுத்து ஆறு மாசம் பத்திரமாக வைத்திருக்கணும். வண்டி கொடுத்தவருக்கு 'டெபாசிட் சர்டிபிகேட்' தரணும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் வரியில் சலுகை. மாநில அரசு மனசு வைத்தால் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை!

எல்லாம் நியாயம்தான். ஆனால் புதுப்பேட்டையில் பத்துக்குப் பத்து கடையில் ஸ்பானரோடு குடும்பம் நடத்துகிறவர் பத்து லட்சத்துக்கு எங்கே போவார்? பார்ட்டைத் தொட்டுப் பார்த்தே எந்த மாடல் என்று சொல்லுகிற கை அது. கொள்ளளவும் காமிராவும் காசு கொடுத்தால் வரும். அந்தக் கை வராது. தனி ஆள்தான் என்றில்லை, சங்கமும் விண்ணப்பிக்கலாம் என்கிறது அதே விதி. இருபது கடைக்காரர்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஐம்பதாயிரம் பொறுப்பு. என் பி.காமுக்கு எட்டுகிற கணக்கு இது. அதிகாரிகள் பேட்டைக்கே போய் எடுத்துச் சொன்னால் குறைந்தா போவார்கள்?

நீங்கள் இப்போதே பீரோவைத் திறந்து பாருங்கள். என்றைக்கோ எடைக்குப் போட்ட வண்டி, இன்னும் உங்கள் பேரில் உயிரோடு இருக்கப்போகிறது!