பாலில் தண்ணீர் ஊற்றியது யார்?

“கேம்தானே, போனால் போகட்டும். படிக்கிற வழியைப் பார்” என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். சொல்வதற்கு முன், பிள்ளை அந்த விளையாட்டுக்கு இதுவரை எவ்வளவு பணம் கட்டியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மாதம் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று போனது மூன்று நான்கு வருடத்தில் ஒரு நல்ல சைக்கிள் விலைக்கு வந்திருக்கும். பணத்தை விடுங்கள். சுங்கைப் பட்டாணியில் ஐந்தாம் படிவம் முடித்த கூட்டாளிகளில் ஒருவன் கூலிம் தொழிற்சாலைக்குப் போகிறான், ஒருவன் ஜொகூருக்கு, இன்னொருவன் சிங்கப்பூருக்கு. இராத்திரி பத்து மணிக்கு அவர்கள் ஒன்றுகூடுகிற இடம் இன்று கைப்பேசியில்தான் இருக்கிறது. நமக்குத் தோட்டத்துத் திடல் எப்படியோ அப்படி. (சிலருக்கு அது பிழைப்பாகவும் ஆகிவிட்டது. 2024இல் நம் நாட்டு சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் மொபைல் லெஜண்ட்ஸ் அனைத்துலகக் கிண்ணத்தை வென்றது.)

என் தங்கை மகன் கூலிமில் ஷிப்ட் வேலை செய்கிறான். போன வருடம் ஒரு நாள் விடியற்காலை வேலை முடிந்து வந்து விளையாட்டைத் திறந்தால், திரையில் ஒரே ஒரு வரி: அனுமதியில்லாத மென்பொருளைப் பயன்படுத்தியதால் உங்கள் கணக்குப் பத்தாண்டுகளுக்கு முடக்கப்படுகிறது. என்ன மென்பொருள், எந்த நாள், எந்த ஆட்டம், ஒன்றும் இல்லை. அவன் அன்றே முறையீடு எழுதினான். “நான் ஒன்றும் செய்யவில்லை, தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்” என்று நாலு வரி. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: சரிபார்த்துவிட்டோம், முடிவில் மாற்றமில்லை.

“மாமா, மனுஷன் படிச்சிருந்தா ஒரு மணி நேரத்துல எப்படி மாமா?” என்று கேட்டான்.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்தவர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் அமைந்ததிலிருந்து இப்படி எத்தனையோ கிளைச் செயலாளர்கள் லயத்து வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு மனு எழுதியிருக்கிறார்கள். அப்பா எழுதியவற்றில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பால்வெட்டும் பெண் ஒருவர் மீது, பாலில் தண்ணீர் கலந்தார் என்று புகார். ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது மெட்ரோலாக் என்ற கருவியைப் போட்டுப் பார்ப்பார்கள். பாலின் அடர்த்தியைக் கொண்டு அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று அது காட்டும். அன்று அது குறைவாகக் காட்டியது. கிராணி எழுதிவிட்டார், துரை நிறுத்திவிட்டார்.

கருவி பொய் சொல்லவில்லை. பாலில் தண்ணீர் இருந்தது உண்மை. ஊற்றியது யார் என்பதை மட்டும் அது சொல்லாது. அன்று காலை அந்தக் காட்டில் மழை பெய்திருந்தது. ஸ்டோர் பக்கம் நல்ல வெயில். அப்பா எழுதிய மனுவில் அழுகை ஒரு சொல்கூட இல்லை. தொழிலாளியின் பதிவு எண், காட்டு எண், தேதி, மழை பெய்த நேரம், அதே காட்டில் பக்கத்து நிரைகளில் வெட்டிய மூவரின் அன்றைய அளவும் குறைந்திருக்கிறதா என்று ஸ்டோர் புத்தகத்தைப் பார்க்கும்படி ஒரு வேண்டுகோள். அவ்வளவுதான். பார்த்தார்கள். மூவருக்கும் குறைந்திருந்தது.

கணக்கை முடக்குகிற நிரல்களும் ஒரு வகை மெட்ரோலாக்தான். விளையாட்டின் கோப்புகள் இருந்தபடியே இருக்கின்றனவா, வேறு ஏதாவது ஊடே நுழைந்திருக்கிறதா என்று அவை ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. வித்தியாசம் கண்டால் குறித்துக்கொள்ளும். காரணம் அதற்குத் தெரியாது. 2010 ஜூலையில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் ‘மாடர்ன் வார்ஃபேர் 2’ விளையாடிய ஏறக்குறைய 12,000 பேர் இரண்டு வார காலத்தில் தவறாகத் தடை செய்யப்பட்டார்கள். கோப்பைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது ஸ்டீமேதான். வட்டில் இருந்த கோப்பும் நினைவகத்தில் இருந்த பிரதியும் அந்த நேரத்தில் பொருந்தவில்லை. நிரல் அதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு ‘லெஃப்ட் 4 டெட் 2’ விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார். 2023 அக்டோபரில் இன்னொன்று. ஏஎம்டி நிறுவனம் தன் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்குத் தாமதத்தைக் குறைக்கும் ஒரு வசதியை வெளியிட்டது. அதை இயக்கிக்கொண்டு ‘கவுண்டர் ஸ்டிரைக் 2’ விளையாடியவர்களுக்குத் தடை விழுந்தது. கடைக்காரர் கொடுத்த வசதியைப் பயன்படுத்தியதுதான் அவர்கள் செய்த குற்றம். ஏஎம்டி அந்த வசதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த இரண்டிலும் பலர் சேர்ந்து சத்தம் போட முடிந்தது. தனியாள் மாட்டிக்கொண்டால்தான் கஷ்டம். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஃபோர்ட் கே என்று ஒரு சின்ன ஊர். 2010இல் அந்த ஊர்க்காரர் ஒருவர் எக்ஸ்பாக்ஸ் லைவ் கணக்கில் தன் ஊர்ப் பெயரை எழுதியிருந்தார். ‘கே’ என்ற சொல்லைப் பார்த்து, தன்பாலினத்தவரை இழிவுபடுத்துகிறார் என்று முடக்கிவிட்டார்கள். அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள், உண்மையான ஊர் என்று அவர் சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் ஊர் மேயரே பரிந்து பேச வேண்டியிருந்தது. செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகு மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. நம் பிள்ளைகளுக்காகப் பேச எந்த மேயர் வருவார்?

ஆகவே மனுவை நாமே ஒழுங்காக எழுத வேண்டும். அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு விசாரணை. தம்பி தங்கை யாராவது அதே கைப்பேசியில் ஏதாவது ‘மோட்’ இறக்கினார்களா? பாதி விலைக்கு வைரம் விற்கிறவர்களிடம் வாங்கினீர்களா? திருட்டுக் கடன் அட்டையில் வாங்கிய வைரமாக இருந்தால், அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்து பணம் திரும்பிப் போகும்போது முடங்குவது உங்கள் கணக்குத்தான். உண்மையிலேயே ஏமாற்றியிருந்தால் முறையீடு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தங்கை மகனை உட்கார வைத்துத் துருவிக் கேட்டேன். அவன் கைப்பேசியின் வலது கீழ்மூலை கீழே விழுந்து விரிசல் விட்டது. அந்த இடம் தொட்டால் வேலை செய்யாது. பொத்தானை வேறு இடத்துக்கு நகர்த்திக் கொடுக்கும் ஒரு செயலியைப் போட்டிருக்கிறான். தானாகத் தட்டும் ஏமாற்றுச் செயலிகளும் கைப்பேசியில் அதே அனுமதியைத்தான் கேட்கின்றன. மழை பெய்த இடம் தெரிந்துவிட்டது.

இரண்டாவது மனுவை இருவரும் சேர்ந்து எழுதினோம். விளையாட்டுப் பெயரை அல்ல, கணக்கு எண்ணை முதலில் போட்டோம். கைப்பேசி மாடல், தடை விழுந்த தேதி, நேரம். பணம் கட்டிய ரசீதுகளின் படம். செயலியின் பெயர், போட்ட நாள், போட்ட காரணம், விரிசல் விழுந்த மூலையின் படம். செயலியை நீக்கிவிட்டதாக ஒரு வரி. பிறகு கோரிக்கை: அந்த வாரத்து ஆட்டப் பதிவுகளை ஒரு மனிதர் பார்க்க வேண்டும், பத்து ஆட்டத்தில் ஏழு தோற்றிருக்கிறேன். (இதை எழுத அவனுக்கு மனமே வரவில்லை. நான்தான் விடாப்பிடியாக எழுத வைத்தேன்.) எல்லாம் எளிய ஆங்கிலத்தில், ஒரே பக்கம். ஒரே மனு, தினம் ஒன்றாகப் புது மனு போட்டுக் குழப்பவில்லை. பதினேழாம் நாள் கணக்குத் திறந்தது. காரணமும் சொல்லவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை.

இந்த மௌனம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒழுங்கீனம் என்று ஒரு தொழிலாளியை நீக்குவதற்கு முன் முதலாளி முறையாக விசாரிக்க வேண்டும். நீக்கியது நியாயமில்லை என்றால் 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் கீழ் 60 நாள்களுக்குள் முறையிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறைப்படுத்தும் மின்னியல் சேவைச் சட்டம், இணையத் தளங்கள் கணக்கை முடக்கினால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், முறையீட்டை இயந்திரம் மட்டுமே பார்த்து முடிவு செய்யக்கூடாது என்கிறது. பால்வெட்டுத் தொழிலாளிக்கு உண்டான விசாரணையை, மாதாமாதம் பணம் கட்டும் வாடிக்கையாளருக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கணக்கு முடங்கிய பிள்ளைகளைத் தேடி இன்னொரு கூட்டம் வரும். டெலிகிராமில், “ஐடியை மீட்டுத் தருகிறேன், நூறு வெள்ளி கொடு, அடையாளக் கார்டு படம் அனுப்பு” என்பார்கள். கடவுச்சொல்லையும் கேட்பார்கள். ஒன்றும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள், அல்லது 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை அழையுங்கள்.

நிறுவனம் எதற்குமே மசியவில்லை, கட்டிய பணமும் பெரிது என்றால், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும், இணையம் வழியாகவும் பதியலாம். நிறுவனத்துக்கு மலேசியாவில் முகவரி இல்லாவிட்டால் இழுபறிதான். பணம் வாங்கிய உள்ளூர்க் கிளை ஏதும் உண்டா என்று ரசீதில் பாருங்கள். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி.