இரு சொல்லுக்கு ஓர் உருபா?

ஆங்கிலம் கற்கும் நம் குழந்தைகள் அடிக்கடி செய்யும் பிசகு ஒன்றைக் கண்டிருக்கிறோம். தாய்நாட்டின்மீது அன்பும் நம்பிக்கையும் உண்டு என்பதை, ‘லவ் அண்ட் பெய்த் இன் மை கண்ட்ரி’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘பெய்த்’துக்கு ‘இன்’ என்னும் பிரிபொஸிஷன் பொருந்தும். ‘லவ்’வுக்கோ ‘பார்’ வேண்டும். ஆகவே, ‘லவ் பார் அண்ட் பெய்த் இன் மை கண்ட்ரி’ என்பதே சரி. ‘லவ் அண்ட் ரெஸ்பெக்ட் பார் மை மதர்’ என்னுமிடத்தில் இரு சொற்களும் ‘பார்’ என்பதையே வேண்டுவதால் ஒன்றே போதும். ஐயம் எழுந்தால், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே சேர்த்துப் படித்தால் குற்றம் புலப்படும்.

இதற்காகக் குழந்தையைக் கடிவானேன்? நம் தாய்மொழியிலும் இந்நியதி உண்டு. ‘நாட்டை நேசிக்கவும் உழைக்கவும் வேண்டும்’ என்றால் நம் செவி ஒப்புமா? ‘நாட்டை நேசிக்கவும், நாட்டுக்கு உழைக்கவும் வேண்டும்’ என்றுதானே சொல்லுவோம்? இரண்டாம் வேற்றுமையையும் நான்காம் வேற்றுமையையும் தமிழில் தெளிவாய் உணர்ந்த குழந்தைக்கு, ஆங்கிலத்தின் இப்பகுதி அச்சமூட்டாது. வீட்டில் பெற்றோர் அங்கிருந்தே தொடங்கலாம்.

நேசிப்பதற்கு ஓர் உருபு. உழைப்பதற்கு வேறோர் உருபு. நாட்டை நேசித்த மாத்திரத்தில் அதற்கு உழைத்தும் விட்டதாக எண்ணலாகாது என்று இலக்கணமும் நமக்கு உணர்த்துகிறது போலும்!