“மிக நன்று” என்பது போதுமா?

நம் மாணவர் சிலர் வயலின், மிருதங்கம், கீபோர்ட் ஆகியவற்றை வீட்டிலேயே தனித்தனியாகப் பதிவுசெய்து, கணினியில் ஒன்றாகக் கலந்து இசை அமைக்கின்றனர். போற்றத்தக்க முயற்சி இது. ஆயினும், அதனைக் கேட்கும் பெற்றோர் “மிக நன்று” என்பதோடு நின்றுவிடுகின்றனர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அன்றோ! வெறும் புகழ்ச்சியில் வளரும் பிள்ளை, வெளியார் கூறும் முதற் குறையிலேயே துவண்டுவிடும்.

தன் பதிவைப் பன்முறை கேட்டவருக்கு அதன் ஒவ்வொரு சுரமும் மனப்பாடம். ஆகவே, மிருதங்க ஒலியில் அமிழ்ந்துபோன வயலினும் அவருக்குத் தெளிவாகவே கேட்கும். புதிய செவிக்கே அக்குறை புலப்படும்.

ஒலியின் அளவும் நம்மை ஏமாற்றும். மெதுவாக ஒலிக்கும்போது தாழ்ந்த சுருதி ஒலிகள் செவிக்கு மேலும் குன்றியே கேட்கும் என்பதை 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். எனவே, உரக்கவும் மெதுவாகவும், வீட்டு ஒலிபெருக்கியிலும் காரிலும் கேட்ட பின்னரே கருத்துரைத்தல் முறை.

மாணவர்களே, “எப்படி இருக்கிறது?” என்று பொதுவாகக் கேளாதீர்கள், “எந்த இடத்தில் எந்த வாத்தியம் மறைகிறது?” என்று கேளுங்கள். பெற்றோர்களே, இசை நுட்பம் அறியாவிடினும், “இரண்டாம் நிமிடத்தில் தாளம் வயலினை மூடுகிறது” என்று கூற உங்களால் இயலும். திருத்துவதா, விடுவதா என்னும் முடிவு மாணவருடையதாகட்டும். கூர்ந்து கேட்டு உண்மை உரைப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் சிறப்பு.